நான்ஸ்டாப் வழங்கியில் வலையமைப்பு அணுகல் செயல்முறை

நான்ஸ்டாப் வழங்கியில் வலையமைப்பு அணுகல் செயல்முறை என்பது, டாண்டம் நிறுவனத்தின் பழுதுதாங்கு வழங்கிகளை டி.சி.பி./ஐ.பி. வலையமைப்புடன் இணைக்கும் மென்பொருள் செயல்முறை ஆகும். இதனைத் தொடங்கும் முறையைப் பொறுத்தே வழங்கியின் பழுதுதாங்கு திறன் வெளியிலுள்ள பயனருக்குப் பயன்படுகிறது.

பின்னணி

டாண்டம் நிறுவனம் 1974இல் ஜேம்ஸ் டிரைபிக் என்பவரால் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. 1997இல் காம்பாக் நிறுவனத்துடனும், 2002இல் எச்.பி. நிறுவனத்துடனும் இணைந்தது. வங்கிகளும் பங்குச் சந்தைகளும் இவ்வழங்கிகளைப் பெரிதும் பயன்படுத்தின. மும்பை பங்குச் சந்தை 1995இல் அறிமுகப்படுத்திய போல்ட் என்னும் திரைவழி வணிக முறைமை டாண்டம் வழங்கியில் இயங்கியது. சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய இம்முறைமைக்கு மாற்றாக 2014இல் போல்ட் பிளஸ் வந்தது.

செயல்முறை இணை

ஒரு நான்ஸ்டாப் வழங்கியில் 2 முதல் 16 வரை மையச் செயலகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி நினைவகம் கொண்டது. முக்கியமான நிரல், முதன்மை, துணை என இரு செயல்முறைகளாக இரு வேறு செயலகங்களில் இயங்கும். முதன்மை தன் நிலையை அவ்வப்போது துணைக்குச் செய்தியாக அனுப்பும். முதன்மை இயங்கும் செயலகம் பழுதுற்றால் துணை பணியை ஏற்கும்.

தொடங்குதல்

கட்டளை முனையத்தில் செயல்முறை தொடங்கப்படும்போது மூன்று விவரங்கள் தரப்படும்:

1. பெயர். இது டாலர் குறியுடன் தொடங்கும். வழக்கமான பெயர் இசட்.டி.சி.0.
2. முதன்மை இயங்கவேண்டிய செயலகத்தின் எண்.
3. துணை இயங்கவேண்டிய செயலகத்தின் எண்.

துணையின்றித் தொடங்கப்பட்ட செயல்முறையும் அன்றாடம் குறையின்றி இயங்குவதாகவே தோன்றும். அச்செயலகம் நின்றால், ஏனைய செயலகங்களும் தரவுத்தளமும் இயங்கிக்கொண்டிருந்தும், அச்செயல்முறை வழியே வழங்கியை அணுக இயலாது. எனவே செயல்முறைப் பட்டியலில் துணைக்கும் ஒரு செயலக எண் காட்டப்படுகிறதா எனத் தொடங்கியவுடன் சரிபார்த்தல் வேண்டும்.

அமைவடிவாக்கம்

அடுத்த நிலைகள் எஸ்.சி.எஃப். என்னும் கட்டுப்பாட்டு நிரல்வழி செய்யப்படும். முதலில் வழங்கியின் பெயர் தரப்படும். பின்னர் ஈதர்நெட் இணைப்பும் ஐ.பி. முகவரியும் கொண்ட துணை வலையமைப்பு சேர்க்கப்படும். வெளி வலையமைப்புகளுக்கான நுழைவாயிலின் முகவரி வழித்தடமாகச் சேர்க்கப்படும். சேர்த்தல் மட்டும் போதாது. துணை வலையமைப்பையும் வழித்தடத்தையும் தனித்தனியே தொடங்கவும் வேண்டும். அதன் பின்னரே முனைய இணைப்பு, கோப்புப் பரிமாற்றம் ஆகியவற்றுக்கான செயல்முறைகள் தொடங்கப்படும்.

இவ்விவரங்கள் செயல்முறை நிறுத்தப்பட்டால் அழிந்துவிடும். ஆகவே கட்டளைகள் அனைத்தும் ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைக்கப்பட்டு, ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் இயக்கப்படும். இக்கோப்பில் துணைச் செயலக எண் விடுபட்டால், அக்குறை ஒவ்வொரு தொடக்கத்திலும் தொடரும்.

வரம்புகள்

துணை பணியை ஏற்கும்போது நடப்பிலுள்ள இணைப்புகள் துண்டிக்கப்படலாம். ஆதலால் பயனர் பக்க நிரல்கள் மீண்டும் இணையும் வகையில் எழுதப்பட வேண்டும். பிற்கால நான்ஸ்டாப் வழங்கிகளில் வலையமைப்புப் பணி, லினக்சு இயங்கும் தனிக் கணினிகளுக்கு மாற்றப்பட்டது.