மணல் அச்சில் ஒரு சிக்கல்!

சிக்கல் என்றதும் பலருக்கு நினைவு வருவது, நாகப்பட்டினத்துக்கு அருகே சிங்காரவேலர் கோயில் கொண்டிருக்கும் ஊர். ராமநாதபுரம் மாவட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடலாடி வட்டத்தைச் சேர்ந்தது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்துக்கொண்டு, நெல்லும் மிளகாயும் பார்க்கிற சீமை. பக்கத்திலேயே வாலிநோக்கம் கடற்கரை. 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

இப்படிப்பட்ட சீமையில் தண்ணீர் இறைக்கும் பம்பு வீட்டில் ஒரு ஆள் மாதிரி. மிளகாய் காய்ப்பில் நிற்கும்போது ஒரு தண்ணீர் குறைந்தால் போதும். போட்ட முதல் கைக்கு வராது. அந்த நேரம் பார்த்து பம்பு காற்றை இழுத்துக்கொண்டு, தண்ணீர் ஏற்ற மறுத்தால்? பழுது பார்ப்பவர் வந்து கழற்றிப் பார்க்கிறார். வாஷர் சரியாக இருக்கிறது. போல்ட் இறுக்கமாக இருக்கிறது. கடைசியில், இரும்பு உடம்பிலேயே குண்டூசி முனையளவு ஒரு துளை தென்படுகிறது.

அந்தத் துளை எங்கிருந்து வந்தது? பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று, பம்பு வார்க்கப்பட்ட பட்டறையில், மணல் அச்சிலிருந்து மாதிரியை வெளியே எடுத்த அந்த அரை நிமிஷத்தில் நேர்ந்த பிசகு. இந்தக் கட்டுரை அந்த அரை நிமிஷத்தைப் பற்றியதுதான்.

கொட்டாங்கச்சிப் பாடம்

கடற்கரையில் குழந்தைகள் கொட்டாங்கச்சியில் ஈர மணலை அடைத்து, தரையில் கவிழ்த்து, மேலே இரண்டு தட்டுத் தட்டி, மெதுவாகத் தூக்குவார்கள். மணல் இட்லி தயார்! வார்ப்படத் தொழிலின் பாடம் முழுவதும் இந்த விளையாட்டில் அடங்கியிருக்கிறது. மணல் காய்ந்திருந்தால் பொலபொலவென்று உதிரும். ஈரம் மிஞ்சினால் கொட்டாங்கச்சியோடு ஒட்டிக்கொண்டு வரும். தட்டாமல் தூக்கினால் விடாது. கோணலாகத் தூக்கினால் ஒரு பக்கம் இடிந்துவிடும். கொட்டாங்கச்சியின் வாய் அகன்று, அடி குறுகி இருப்பதால்தான் இந்த வேலையே நடக்கிறது. நேரான டம்ளரில் இதே மணலை அடைத்துப் பாருங்கள்; வித்தியாசம் தெரியும்.

பட்டறையில் நடப்பதும் இதுவே. வார்க்க வேண்டிய பொருளைப் போலவே மரத்திலோ, அலுமினியத்திலோ ஒரு மாதிரி செய்துகொள்கிறார்கள். பட்டறைப் பேச்சில் அதற்கு ‘பேட்டர்ன்’ என்று பெயர். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் அல்லவா? அதற்காக மாதிரியை மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் பெரிதாகச் செய்வது வழக்கம். அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் மணலை இடித்துக் கெட்டிக்கிறார்கள். சாதாரண மணல் அல்ல. பெண்டோனைட் என்ற களிமண்ணும், நிலக்கரித் தூளும், நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீரும் சேர்ந்த மணல். பெட்டி இரண்டு பாகம்: கீழ்ப் பெட்டி, மேல் பெட்டி. இரண்டையும் பிரித்து, மாதிரியை வெளியே எடுத்துவிட்டால், மணலில் அதன் உருவம் பள்ளமாக நிற்கும். மறுபடி பெட்டிகளைச் சேர்த்து, 1,350 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கொதிக்கும் இரும்புக் குழம்பை ஊற்றினால், பள்ளம் பம்பாகிவிடும்.

மாதிரி வெளியே வரும்போது ஓரத்தில் ஒரு சிட்டிகை மணல் பெயர்ந்தால் என்ன ஆகும்? அது பள்ளத்துக்குள் விழுந்து கிடக்கும். இரும்புக் குழம்பு பாயும்போது மிதந்து, மேல் தோலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். வெளியே பார்த்தால் வார்ப்பு வழுவழுவென்றிருக்கும். கடைசல் யந்திரத்தில் ஏற்றித் தோலைச் சீவும்போது துளை வெளிப்படலாம். அப்போது பட்டறைக்காரருக்கு நஷ்டம்; இரும்பை மறுபடி உருக்கலாம், செலவான மின்சாரத்தையும் ஆள் கூலியையும் மறுபடி உருக்க முடியுமா? அங்கும் வெளிப்படாமல் தப்பிவிட்டால், நஷ்டம் சிக்கல் விவசாயிக்கு!

கோயம்புத்தூரின் கைவேலை

நம் தமிழ் நாட்டில் பம்பு என்றால் கோயம்புத்தூர்தான். கரிசல் மண், ஆழமான கிணறுகள், 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையிலிருந்து பெருகிய பஞ்சாலைகள், 1930-களில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரம் எல்லாம் சேர்ந்து அங்கே வார்ப்படத் தொழிலை வளர்த்தன. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார்கள். மோட்டாருக்கும் பம்புக்கும் உடம்பு வார்ப்பிரும்பு. ஆகவே வார்ப்படச் சாலைகளும் பெருகின. பெரிய ஆலைகளில் இன்று தானியங்கி யந்திரங்கள் ஓடுகின்றன. சிறு பட்டறைகளிலோ கைவேலையும் சிறு யந்திரங்களும்தான்.

கைவேலைக்காரர் மாதிரியை எடுக்கும் விதத்தைப் பார்த்தால் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியின் நினைவு வரும். முதலில் ஒரு தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, மாதிரியைச் சுற்றியுள்ள மணல் ஓரத்தை லேசாக ஈரமாக்குகிறார். பிறகு மாதிரியில் ஒரு கம்பியைச் செருகி, அதை நாலு பக்கமும் சுத்தியலால் தட்டுகிறார். மாதிரிக்கும் மணலுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி பிறக்கிறது. அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேர் மேலே தூக்குகிறார்.

இதில் ஒரு கஷ்டம். அதிகமாகத் தட்டினால் பள்ளம் பெரிதாகிவிடும். வார்ப்பு கனத்து, இரும்பும் கடைசல் கூலியும் வீணாகும். குறைவாகத் தட்டினால் மணல் பெயரும். எவ்வளவு தட்டுவது என்பது கைக்குத்தான் தெரியும். காலையில் தட்டும் கைக்கும், நூறு பெட்டி தூக்கிய பிறகு மாலையில் தட்டும் கைக்கும் ஒரே கணக்கு இருக்குமா?

யந்திரத்திலும் பிசகு

யந்திரம் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தீராது. சிறு பட்டறைகளில் அதிகம் காணப்படும் யந்திரத்தில், மாதிரி ஒரு தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். மணலை அழுத்தியதும், நான்கு மூலைகளில் நான்கு கம்பிகள் எழும்பிப் பெட்டியைத் தூக்கும். நான்கும் ஒரே மட்டத்தில் எழும்பினால் பெட்டி நேராக ஏறும். ஒன்று தேய்ந்து ஒரு நூல் பிந்தினாலும் பெட்டி சாயும். மணல் சுவரை மாதிரி உராய்ந்துவிடும். ‘மணல் சரியில்லை’ என்று களிமண்ணைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார்கள். குற்றம் மணலில் இருக்காது, கம்பியில் இருக்கும்! வாரம் ஒரு முறை நான்கு கம்பிகளின் மட்டத்தையும் அளந்து பார்த்தால் போதும். செலவு அரை மணி நேரம்.

கழற்றும் வேகமும் முக்கியம். முதல் ஒரு அங்குலம் ஆமை போல. மாதிரி மணலை விட்ட பிறகு வேகமாகப் போகலாம். பல பட்டறைகளில் காற்று வால்வைச் சட்டென்று திறந்து, பெட்டியைத் துள்ள விடுகிறார்கள். அந்தத் துள்ளலில்தான் ஓரங்கள் உடைகின்றன.

செலவில்லாத சீர்திருத்தங்கள்

இன்னும் என்னென்ன செய்யலாம்?

முதலாவது, சரிவு. மாதிரியின் பக்கங்கள் கொட்டாங்கச்சி போலச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஒரு டிகிரி சரிவு என்றால் 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1.75 மில்லிமீட்டர்தான். உட்பக்கப் பள்ளங்களுக்கு இதைவிட அதிகம் வேண்டும். அங்கே மணல் தூணாக நிற்பதால் சீக்கிரம் ஒடியும்.

இரண்டாவது, காற்று வழி. ஆழமான பள்ளத்திலிருந்து மாதிரி கிளம்பும்போது அடியில் வெற்றிடம் உண்டாகி, மணலை உறிஞ்சி இழுக்கிறது. மாதிரியில் சிறு துளையிட்டு, மணல் புகாதபடி மெல்லிய இடுக்குகள் கொண்ட அடைப்பான் வைத்தால், காற்று உள்ளே நுழைந்து வெற்றிடத்தைப் போக்கிவிடும்.

மூன்றாவது, சூடு. ஒரு முறை வார்த்த மணலை ஆற விடாமல் திரும்ப உபயோகிக்கும்போது, அதன் ஆவி குளிர்ந்த உலோக மாதிரியில் பட்டு, சோற்றுப் பானை மூடியில் போல முத்து முத்தாக வேர்க்கும். மணல் ஒட்டிக்கொள்ள வேறு என்ன வேண்டும்? மணலை நன்றாக ஆற வைக்க வேண்டும். அல்லது மாதிரித் தகட்டை இளஞ்சூட்டில் வைக்க வேண்டும்.

நான்காவது, அதிர்வு. சுத்தியலுக்குப் பதிலாகத் தகட்டின் அடியில் காற்றால் இயங்கும் ஒரு சிறு அதிர்வுக் கருவியைப் பொருத்தினால், சின்னச் சின்ன அதிர்வுகளில் மாதிரி மணலை விட்டுவிடும். பள்ளம் பெருக்காது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே அளவு. காலை மாலை வித்தியாசம் கிடையாது.

மிக ஆழமான மாதிரிகளுக்குப் பெட்டியையே தலைகீழாகப் புரட்டும் யந்திரம் உண்டு. புரட்டியபின் பெட்டி கீழே இறங்க, மாதிரி மேலேயே நின்றுவிடும். மணல் தொங்காமல், தன் கனத்தில் தானே நிலையாக உட்கார்ந்திருப்பதால் உதிர்வது குறைவு.

உலகம் செய்த யுக்திகள்

டென்மார்க் தேசத்தில் வாகன் ஆகே ஜெப்பெசன் என்ற பொறியியல் பேராசிரியர் 1957-ல் ஒரு யந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார். பெட்டியே இல்லாமல், இரண்டு மாதிரித் தகடுகளுக்கு நடுவே மணலை ஊதி அழுத்தி, முதலில் ஒரு தகட்டையும் பிறகு மற்றதையும் யந்திரமே விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு. 1962-ல் வெளிவந்த அந்த யந்திரம் மணிக்கு 240 அச்சுகள் வரை செய்தது. அவ்வளவு வேகத்திலும் மாதிரி மணலை விடும் கணம் மட்டும் நேராகவும் நிதானமாகவும் நடந்தாக வேண்டும்.

மாதிரியை எடுக்கவே வேண்டாம் என்று யோசித்தவர்களும் உண்டு. 1958-ல் அமெரிக்காவில் ஷ்ராயர் என்பவர், நுரைப் பிளாஸ்டிக்கில் மாதிரி செய்து, அதை மணலுக்குள்ளேயே விட்டு உலோகத்தை ஊற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நுரை எரிந்து மறைய, உலோகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கேட்டால் சுவாமிமலை ஸ்தபதிகள் புன்னகை செய்வார்கள். மெழுகில் விக்கிரகம் செய்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவது சோழர் காலத்திலிருந்து வரும் வழக்கமாயிற்றே! ஆனால் ஒவ்வொரு வார்ப்புக்கும் புது மெழுகு மாதிரி வேண்டும். ஒரே மாதிரியைக் கொண்டு ஆயிரம் பம்பு வார்ப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. அவருக்கு, மாதிரியைச் சேதமின்றி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெரிய யந்திரம் வாங்கப் பணமில்லையே என்று சிறு பட்டறைக்காரர் ஏங்க வேண்டியதில்லை. சரிவு, காற்று வழி, சூடு, அதிர்வு, கம்பி மட்டம் என்ற ஐந்தும் உள்ளூர் மெக்கானிக்கின் கைக்கு எட்டியவை. இவற்றால் பட்டறைக்குக் கழிவு குறையும். பெட்டியைத் தூக்கி, உடைந்த ஓரத்தைக் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு இடுப்பு வலி குறையும்.

வாசகர்கள் வீட்டு பம்பை அடுத்த முறை சற்று உற்றுப் பாருங்கள். வர்ணத்துக்கு அடியில், உடம்பைச் சுற்றி மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் சேர்ந்த இடம் அது. அந்த வரம்பிலிருந்து பக்கங்கள் இரு புறமும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சரிந்து போகும். வரம்பு நேராகவும் சரிவு ஒழுங்காகவும் இருந்தால், எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் மாதிரியைப் பொறுமையாக எடுத்திருக்கிறார் என்று பொருள். மிளகாய்ச் செடிக்குக் கடைசித் தண்ணீர் பாய்வது அந்தப் பொறுமையினால்தான்.