தனியே சாது, சேர்ந்தால் நஞ்சு

மென்பொருளில் ஒவ்வொரு பகுதியும் தனிச் சோதனையில் தேறிவிடும். இணைத்து ஓட்டினால் கவிழும். எங்கள் தொழிலில் இது அன்றாடக் கூத்து. பூச்சிக்கொல்லிகளையும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் சோதிக்கிறார்கள். ஓடைகளிலோ அவை கூட்டமாகவே வருகின்றன. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் 1992-2001 கணக்குப்படி, வயல்களும் நகரங்களும் சூழ்ந்த ஓடைகளில் 90 விழுக்காட்டுக்கும் அதிகமான நேரம் குறைந்தது இரண்டு இருந்தன.

கலவையின் நச்சை எப்படி அளப்பது? நீரில் உள்ள ஒவ்வொரு நஞ்சின் அளவையும், அது தனியே பாதி உயிர்களைக் கொல்லும் அளவால் வகுத்து, ஈவுகளைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 1 என்றால் பாதி சாகும். ஒரே வழியில் தாக்கும் நஞ்சுகளுக்கு இக்கணக்கு பொதுவாகப் பொருந்தும்.

எப்போதும் அல்ல. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் இளம் கோஹோ சால்மன் மீன்களை ஐந்து பூச்சிக்கொல்லிகளுக்கு இரண்டிரண்டாக உட்படுத்தினார்கள். ஐந்துமே நரம்பின் அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ் நொதியை முடக்குபவை. கூட்டல் கணக்குக்கு இதைவிடத் தோதான இனம் கிடைக்காது. ஆனால் பல இணைகள் கணக்கை மீறின. மாலத்தியானோடு டயசினானோ குளோர்பைரிபாஸோ சேர்ந்தபோது, தனியே கொல்லாத அளவுகளிலேயே மீன்கள் செத்தன. மாலத்தியானைச் சிதைத்துச் செயலற்றதாக்கும் நொதிகளைக் கூட வந்த நஞ்சு முடக்கிவிடுவதே காரணமாக இருக்கலாம். காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கூட்டாளியை உள்ளே விடுவது போல.

எல்லாவற்றையும் சோதித்துவிடலாமே என்றால், 10 மருந்துகளிலிருந்தே 1013 கலவைகள் பிறக்கும். எனவே கூட்டலை முதல் சல்லடையாக வைத்துக்கொண்டு, பிறவற்றின் முறிவைத் தடுக்கும் மருந்துகளை மட்டும் தேடிப்பிடித்துச் சேர்த்துச் சோதிப்பதே நடக்கக்கூடியது.