ஷோரூம் வரிசையிலிருந்து பட்டறை வரிசைக்கு

விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைச் சேகரிப்பவர்களின் போக்கு கடந்த சில ஆண்டுகளாக மாறிவருகிறது. ரோலக்ஸ், படேக் ஃபிலிப், ஓடமார் பிகே போன்ற பெரிய நிறுவனங்களின் டீலர்களிடமே வாங்கிப் பழகியவர்களில் ஒரு பிரிவினர், தனிக் கைவினைஞர்களின் பட்டறைகளை நாடத் தொடங்கியிருக்கிறார்கள். சுயாதீனக் கடிகாரக் கலைஞர்கள் என்று அழைக்கப்படும் இவர்கள், பெரிய குழுமங்களின் கீழ் இல்லாமல், தாங்களே வடிவமைத்துத் தங்கள் பெயரிலேயே கடிகாரம் செய்பவர்கள். ஜெனீவா, சுவிட்சர்லாந்தின் ஜூரா மலை ஊர்கள், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவு, ஜப்பான் என்று இவர்களின் பட்டறைகள் பரவியிருக்கின்றன. ரோலக்ஸ் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான வாட்சுகளைத் தயாரிப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்தப் பட்டறைகளில் பெரியதான எஃப்.பி. ஜூர்ன் தயாரிப்பதோ ஆயிரத்துக்கும் குறைவு.

குவார்ட்ஸ் அடியும் புதுப் பிறப்பும்

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான ஆஸ்ட்ரானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ், சாவி கொடுத்து ஓடும் எந்த வாட்சையும்விடத் துல்லியமாக நேரம் காட்டியது. சில ஆண்டுகளிலேயே விலையும் மளமளவென இறங்கியது. 1970 வாக்கில் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினரே மிஞ்சினார்கள்.

அந்த இருண்ட காலத்தில் சிலர் எதிர்நீச்சல் போட்டார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் டேனியல்ஸ் மேன் தீவில் பட்டறை அமைத்து, பற்சக்கரம் முதல் டயல் வரை ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் தானே செய்தார். சக்கரங்களின் ஓட்டத்தைச் சீராகக் கட்டுப்படுத்தும் எஸ்கேப்மென்ட் என்ற பாகத்தில், எண்ணெயை அதிகம் நம்பாமல் ஓடும் கோ-ஆக்ஸியல் வகை இவருடைய கண்டுபிடிப்பு. பல நிறுவனங்கள் தயங்கிய அந்த அமைப்பை ஒமேகா 1999இல் தன் வாட்சுகளில் பயன்படுத்தத் தொடங்கியது. டென்மார்க்கில் பிறந்த ஸ்வென்ட் ஆண்டர்சனும் இத்தாலியரான வின்சென்ட் கலப்ரேஸேயும் 1985இல் சுயாதீனக் கலைஞர்களுக்கென ஒரு சங்கத்தைச் சுவிட்சர்லாந்தில் தொடங்கினார்கள். தனித்தனியாக உழைத்தவர்களுக்குக் கண்காட்சிகளில் ஒரு பொது மேடை அப்போதுதான் அமைந்தது.

டீலர் கடையில் நேர்ந்த மாற்றம்

சேகரிப்பாளர்கள் இந்தப் பக்கம் திரும்பியதற்கு முதல் காரணம் டீலர் கடையில் இருக்கிறது. ரோலக்ஸ் டேடோனா, படேக் ஃபிலிப் நாட்டிலஸ், ஓடமார் பிகே ராயல் ஓக் ஆகிய ஸ்டீல் வாட்சுகளுக்குக் கிராக்கி கூடக்கூட, அவை ஷோரூம் கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து மறைந்தன. காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுப்பதும் போதாமல் போனது. வாடிக்கையாளர் அதே கடையில் ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பதைப் பார்த்தே பல டீலர்கள் ஒதுக்கீடு செய்தார்கள். கேட்ட வாட்ச் கிடைக்க, கேட்காத வாட்சையும் நகையையும் வாங்கவேண்டியிருக்கிறது என்பது சேகரிப்பாளர்களின் பொதுவான மனக்குறை.

கொரோனா காலத்தில் இந்த நிலை உச்சத்துக்குப் போனது. நாட்டிலஸ் 5711 மாடலை நிறுத்தப்போவதாக 2021 ஜனவரியில் செய்தி வந்தது. சுமார் 35,000 டாலர் பட்டியல் விலையுள்ள அந்த வாட்ச், 2022 தொடக்கத்தில் வெளிச்சந்தையில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. டிஃபனி நகை நிறுவனத்துக்காக நீல டயலுடன் செய்யப்பட்ட 170 நாட்டிலஸ் வாட்சுகளில் முதலாவது, 2021 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கிய மறுநாளே லாபத்துக்கு விற்கும் கூட்டம் பெருகியது. 2022 வசந்தத்துக்குப் பின் வெளிச்சந்தை விலைகள் சரிந்தபோது, லாபத்தை நம்பி வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

விற்பனை அமைப்பும் மாறிவந்தது. ஓடமார் பிகே பல பிராண்டுகளை விற்கும் கடைகளிலிருந்து விலகித் தன் சொந்தக் கடைகளை நோக்கி நகர்ந்தது. 1888இல் லூசர்ன் நகரில் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற கடிகார வணிக நிறுவனமான புக்கரரை வாங்கப்போவதாக ரோலக்ஸ் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. இப்படி விற்பனை மெல்ல மெல்ல நிறுவனங்களின் நேரடிக் கைக்குப் போகிறது. தலைமுறைகளாகப் பழகிய கடைக்காரர் நடுவில் நின்று சலுகை காட்டும் இடம் சுருங்குகிறது.

பட்டறையில் கிடைப்பது

தனிப் பட்டறையிலும் காத்திருக்கத்தான் வேண்டும். பல நேரங்களில் டீலர் வரிசையைவிட நீண்ட காலம். ஆனால் அந்தக் காத்திருப்புக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. டேனியல்ஸிடம் பழகிய ரோஜர் ஸ்மித்தின் பட்டறையிலிருந்து ஆண்டுக்கு வெளிவருபவை இருபதுக்கும் குறைவு. வேலை அவ்வளவு.

வேலை என்பது எதைக் குறிக்கிறது என்பதை ஜூரா மலையின் வாலே ட ஜூ பள்ளத்தாக்கில் உள்ள ஃபிலிப் டூஃபோரின் பட்டறை காட்டும். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் அது. வாட்சின் உள்ளே சக்கரங்களைத் தாங்கும் பட்டைகளின் விளிம்புகளை அவர் சரிவாகச் சீவி, கண்ணாடிபோல் மின்னும்வரை மெருகேற்றுகிறார். கடைசி மெருகுக்கு அந்த மலையிலேயே வளரும் ஜென்ஷியன் செடியின் உலர்ந்த தண்டு பயன்படுகிறது. இரண்டு சரிவுகள் உட்பக்கமாகச் சந்திக்கும் கூர்மையான மூலையைச் சுழலும் கருவியால் செய்ய முடியாது. கருவியின் முனை வட்டமாக இருப்பதால் மூலையும் மழுங்கிவிடும். அரமும் கையும்தான் அங்கே நுழையும். கைவேலையா எந்திர வேலையா என்று அறிய, தேர்ந்த சேகரிப்பாளர் பூதக்கண்ணாடியை முதலில் வைக்கும் இடம் அந்த மூலைதான். மணி, நிமிடம், நொடி மட்டுமே காட்டும் டூஃபோரின் ‘சிம்ப்ளிசிட்டி’ 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. இருநூற்றுச் சொச்சமே செய்யப்பட்ட அந்த வாட்சின் அருமையை முதலில் உணர்ந்து வாங்கியவர்களில் பலர் ஜப்பானியர்கள்.

இரண்டாவதாகக் கிடைப்பது செய்பவருடனான நேரடிப் பேச்சு. ஆர்டர் கொடுப்பவர் பட்டறைக்குப் போகலாம். டயல் நிறம், எண்களின் வடிவம் பற்றிப் பேசலாம். கொசோவோவில் பிறந்து சிறுவயதில் ஜெனீவாவுக்கு வந்த ரெஜெப் ரெஜெபி, பதினைந்து வயதில் படேக் ஃபிலிப்பில் தொழில் பழகச் சேர்ந்தவர். 2012இல் தனியாகத் தொழில் தொடங்கினார். 2018இல் வந்த அவருடைய குரோனோமெட்ர் கான்டெம்போரைன், ஜெனீவா கடிகாரப் பரிசு விழாவில் ஆண்கள் பிரிவுப் பரிசை வென்றது. ஓய்வுபெற்றிருந்த மூத்த வாட்ச் கேஸ் கைவினைஞர் ஜான்-பியர் ஹாக்மானைத் தன் பட்டறைக்கே அழைத்துவந்து கேஸ் செய்யவைத்தார். இந்த வாட்சில் எதை யார் செய்தார் என்று பெயர் சொல்லிக் கேட்க முடியும் என்பதே வாங்குபவர்களைக் கவர்கிறது.

முன்பணம் வாங்கிச் செய்யும் முறையும் இந்த உறவை இறுக்குகிறது. 1790களில் பாரிஸில் கடிகாரக் கலைஞர் ஆபிரகாம்-லூயி ப்ரேகே, விலையில் கால் பங்கை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஒற்றை முள் பாக்கெட் வாட்சுகளைச் செய்துகொடுத்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு மார்சேயில் பிறந்த ஃபிரான்சுவா-பால் ஜூர்ன் அதே வழியைக் கையாண்டார். முன்பணம் கட்டிய இருபது பேருக்கு 1999இல் டூர்பியோன் (ஈர்ப்பு விசையால் வரும் பிழையைக் குறைக்கச் சுழலும் அமைப்பு) கொண்ட வாட்ச் செய்து, அந்தப் பணத்திலேயே தன் நிறுவனத்தை நிலைநிறுத்தினார்.

ஏலத்தில் ஏறிய விலை

ஏல மேடை இந்த நகர்வை உறுதிசெய்தது. டூஃபோரின் ஒரு சிம்ப்ளிசிட்டி 2020 நவம்பரில் 13 லட்சம் சுவிஸ் ஃபிராங்கைத் தாண்டியது. மணியும் கால்மணியும் தானே அடிக்கும் அவருடைய இன்னொரு வாட்ச் அடுத்த ஆண்டே 47 லட்சம் ஃபிராங்குக்கு விற்றது. ஜூர்ன் 1993இல் செய்த தொடக்ககால டூர்பியோன் கைக்கடிகாரம் ஒன்று 2024 நவம்பரில் 73 லட்சம் ஃபிராங்கைத் தொட்டது.

ரோஜர் ஸ்மித்தின் இரண்டாவது பாக்கெட் வாட்சின் கதை தனியானது. இளைஞராக இருந்தபோது அவர் செய்து காட்டிய முதல் வாட்சை, கையால் செய்தது போலவே இருக்கிறது என்று டேனியல்ஸ் நிராகரித்துவிட்டார். வேலை தெரியக் கூடாது, வாட்ச் தானாகவே உருவானது போல இருக்கவேண்டும் என்பது அவருடைய அளவுகோல். ஸ்மித் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, திருப்தி இல்லாத பாகங்களைத் திரும்பத் திரும்பச் செய்து, இரண்டாவதைக் கொண்டுபோனார். அதைப் பார்த்த பிறகே டேனியல்ஸ் அவரைக் கடிகாரக் கலைஞர் என்று ஏற்றார். 2023 ஜூனில் நியூயார்க்கில் அந்த வாட்ச் 49 லட்சம் டாலருக்கு விற்றது.

கவனிக்கவேண்டிய ஆபத்துகள்

இந்த விலையேற்றமே இன்று பட்டறைகளின் தலைவலி. டீலர் கடையில் லாபம் பார்த்தவர்கள் இங்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள். உடனே விற்றுவிடுவார் என்று தோன்றுபவரிடம் கைவினைஞர் ஆர்டர் வாங்குவதில்லை. சில பட்டறைகள் புதிய ஆர்டர் வாங்குவதையே நிறுத்திவைத்தன. ஆக, இங்கும் வாங்குபவரின் தகுதி எடைபோடப்படுகிறது, எடைபோடுபவர்தான் மாறியிருக்கிறார்.

அடுத்தது பழுதுபார்ப்பு. ரோலக்ஸுக்கு உலகெங்கும் சர்வீஸ் மையங்கள் உண்டு. தனிப் பட்டறை வாட்சின் உதிரிப் பாகம் பெரும்பாலும் அந்த ஒரு பட்டறையில்தான் இருக்கும். செய்தவர் மறைந்தால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. டேனியல்ஸ் 2011இல் மறைந்தார். அவரிடம் பழகிய ஸ்மித் அந்தக் கலையைத் தொடர்கிறார். எல்லாருக்கும் அப்படி வாரிசு அமைவதில்லை.

மூன்றாவது, பெயருக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு. கடிகாரக் கலைஞர் டேனியல் ராத் 1980களின் இறுதியில் தொடங்கிய பிராண்ட் 2000இல் புல்கரி நகை நிறுவனத்தின் கைக்குப் போனது. அவரோ விலகி வேறு பெயரில் தன் வேலையைத் தொடர்ந்தார். ஃபேஷன் நிறுவனமான ஷனெல் 2018இல் ஜூர்ன் நிறுவனத்தில் 20 சதவீதமும், 2024இல் இன்னொரு சுயாதீனக் கடிகார நிறுவனமான எம்.பி. அண்ட் எஃப்பில் 25 சதவீதமும் பங்கு வாங்கியது. சிறுபங்கு விற்பதால் கலைஞரின் சுதந்திரம் போய்விடாது. வாரிசு இல்லாத பட்டறைக்கு அது பாதுகாப்பாகவும் அமையலாம். ஆனாலும் டயலில் உள்ள பெயருக்கு உரியவர் இன்னும் அந்தப் பட்டறையில்தான் இருக்கிறாரா என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ளவேண்டும்.

டீலர் கடையில் ஒரு நிறுவனத்தின் உத்தரவாதம் கிடைக்கும். பட்டறையில் ஒரு மனிதரின் திறமையும் வாக்கும் கிடைக்கும். முன்பணம் கட்டுமுன் அவரிடம் கேட்கவேண்டியவை மூன்று: எந்தெந்தப் பாகங்கள் இங்கேயே செய்யப்படுகின்றன, வாட்ச் எப்போது கைக்கு வரும், இருபது ஆண்டுகள் கழித்து இதைப் பழுதுபார்க்கப்போவது யார். மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் காத்திருக்கலாம்.