வீட்டில் ஊனமுற்றவர் இருந்தால் எந்த உதவியை நாடுவது?



காலையில் பிரட்டுக்குப் போகிற அம்மாவுக்கு, நடக்க முடியாத பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் முதல் கவலை. நம்மில் சிலர் "எல்லாம் தலையெழுத்து" என்று பிள்ளையை லயத்துக் காம்பராவிலேயே வைத்துவிடுகிறோம். வேறு சிலர் யாரோ சொன்னார்கள் என்று தூரத்து விடுதியில் சேர்த்துவிடுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே பல வழிகள் உண்டு. அவற்றைப் பார்த்துத் தெரிந்தெடுப்பது எப்படி?

மாங்கேணியை எடுத்துக்கொள்வோம். கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுக் கிழக்கே போன சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் நடுவில் உள்ளது இந்த ஊர். 2004 டிசம்பர் 26 கடல்கோளையும், 2006, 2007 சண்டையையும் கண்ட பிரதேசம் அது. அப்போது நிவாரணத்தோடு பல அமைப்புகள் வந்தன. வேலை முடிந்ததும் போய்விட்டன. கொடுத்த நாற்காலியின் சக்கரம் கழன்றால் யாரிடம் போவது? இந்தக் கேள்வியை உதவி வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

முதலில் தேவையை எழுதுங்கள்

காலை முதல் இரவு வரை எந்த வேலைக்குத் துணை வேணும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: கக்கூசுக்குப் போக, குளிக்க, சாப்பிட, வெளியே போக. ஊனமுற்றவரையே கேட்டு எழுதுவது நல்லது. அவருக்கு எது பெரிய கஷ்டம் என்பது நமக்குத் தெரியாமலே இருக்கலாம்.

இடத்துக்கு ஏற்ற சாமான்

மாங்கேணி மணலில் ஒடுக்கமான சக்கரம் புதைந்துவிடும். நம்ம லயத்துக்கோ படிக்கட்டுதான் தடை. சாய்வுப் பாதை கட்டினால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். அதற்கு இடமில்லை என்றால் கைப்பிடிக் கம்பி ஒன்று போட்டாலே பாதிக் கஷ்டம் தீரும். நாற்காலியும் ஆளின் அளவுக்கு இருக்க வேண்டும். அசையாமல் நாள் முழுக்க உட்கார்ந்தால் புண் வரும். அடிக்கடி நிமிர்த்தி, சாய்த்து உட்கார வையுங்கள். கால் இழந்தவர்களுக்கு, கொழும்பில் உள்ள ஃபிரண்ட் இன் நீட் சொசைட்டி 1985 முதல் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுத்து வருகிறது.

எங்கே கேட்பது?

கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாதாந்த உதவிப்பணம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, கக்கூஸ் திருத்த உதவி பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். அடையாள அட்டை, வைத்தியச் சான்றிதழ் பிரதிகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். "காசு தந்தால் எடுத்துத் தருவேன்" என்று வரும் தரகரை நம்ப வேண்டாம். விபரம் தெரியாவிட்டால் 1919க்குப் பேசலாம். தமிழிலும் பதில் சொல்வார்கள்.

மாங்கேணிக்காரர் வைத்தியத்துக்கு வாகரை அல்லது வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்கும், பெரிய சிகிச்சைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கும் போகலாம். நாம் முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

1. நிலையத்துக்கு அரசாங்கப் பதிவு இருக்கிறதா?
2. பிள்ளையோடு தமிழில் பேசுவார்களா?
3. சொல்லாமல் கொள்ளாமல் போனாலும் பார்க்க விடுவார்களா?
4. உடுப்பு மாற்ற, குளிப்பாட்ட யார் துணை? பெண் பிள்ளைக்குப் பெண் துணை உண்டா?
5. தானே செய்யப் பழக்குவார்களா, சும்மா படுக்க வைப்பார்களா?
6. பஸ்ஸுக்கு எவ்வளவு செலவாகும்? மாதா மாதம் அதை நம்மால் தாங்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால், கட்டிடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிந்தால், பகலில் மட்டும் போய் வரும் நிலையமே பிள்ளைக்கு நல்லது. இரவில் அது தன் தாய் பக்கத்தில் தூங்கும்.

பள்ளிக்கூடம்

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, ஊனத்தைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூட அனுமதியையோ வேலையையோ மறுக்கக் கூடாது. "இந்தப் பிள்ளையை இங்கே சேர்க்க முடியாது" என்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தோடு சமூக சேவை உத்தியோகத்தரிடம் போங்கள்.

இதெல்லாம் ஒரு நாளில் முடிகிற வேலையல்ல. இந்த வாரம் அந்தத் தாளை எழுதி முடியுங்கள். அடுத்த லீவு நாளில் கிராம சேவகரைப் பாருங்கள். எழுதப் படிக்கக் கஷ்டமென்றால் பக்கத்து லயத்தில் படிக்கிற பிள்ளையிடம் சொல்லுங்கள், எழுதித் தரும்.