பிழையோடு எழுதும் பிள்ளை

ஊர்காவற்றுறையைத் தீவகத்தார் பேச்சில் ‘ஊராத்துறை’ என்பது வழக்கம். அவ்வூர்ச் சிறுமி ஒருத்தி தன் முதற் கொப்பியில் ‘ஊராத்துற’ என்று எழுதினால், பிழை விட்டாள் என்பதா, செவி கேட்டதை நேர்மையாக எழுத்திற் கொணர்ந்தாள் என்பதா? நாம் பின்னதையே கூறுவோம்.

ஒன்று ‘ஒண்டு’ ஆவதும், பன்றி ‘பண்டி’ ஆவதும், பழம் ‘பளம்’ ஆவதும் இவ்வகையினவே. பெரியோர் நாவிலேயே இல்லாத வேற்றுமையைக் குழந்தை எங்ஙனம் அறியும்?

பள்ளி செல்லுமுன் தாமாகவே எழுத முயன்ற பிள்ளைகளின் எழுத்துக்களை ஆராய்ந்து, அமெரிக்க அறிஞர் சார்ள்ஸ் றீட் 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்பிள்ளைகள் மனம்போன போக்கில் எழுதவில்லை. ஒலிகளின் உறவை ஒட்டியே எழுத்தைத் தேர்ந்தனர் என்று காட்டினார். அவ்வாண்டே கரோல் சொம்ஸ்கி அம்மையார், வாசிப்புக்கு முன்னரே எழுத்து வரலாம் என வாதித்தார். அவை ஆங்கிலம் பற்றியவை. தமிழில் எழுத்தும் ஒலியும் இன்னும் நெருக்கமாதலின், எம் பிள்ளைகளுக்கு இவ்வழி எளிதாகும் என்பது எமது எண்ணம்.

“தமிழைப் பிழைபட எழுத விடுவதா?” என்று சினப்பாரும் உளர். அவர்கள் பனையேடுகளை நினைவுகூர்தல் நன்று. ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்துவதுமில்லை. அத்தகைய ஏடுகளை ஆராய்ந்தன்றோ ஆறுமுக நாவலரும் (1822–1879) சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901) பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினர்! புள்ளி மறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் பிரம்பு எதற்கு?

நெடுந்தீவுப் பிள்ளை ‘குதுர ஓடுது’ என எழுதிக் காட்டினால், “எந்தக் குதிரை, ராசா? எங்கை ஓடினது?” என்று தாய் முதலில் கேட்கட்டும். பின்பு, அவ்வரியின் கீழே ‘குதிரை ஓடுகிறது’ எனத் தானும் அழகாக எழுதி வைக்கட்டும். சிவப்பு மையால் வெட்டப்பட்ட பிள்ளை, மறுநாள் தனக்கு நன்கு தெரிந்த அம்மா, ஆடு, இலை என்பவற்றையே எழுதும். கொப்பி துப்புரவாயிருக்கும்; அதில் குதிரை இராது. கல்லூரியில் எம்மிடம் வருவோரிடத்தும் பிழையைவிட, எழுத அஞ்சும் அச்சத்தையே மிகுதியாகக் காண்கிறோம்.

பிழை என்றும் நிலைக்கலாம் என்பது எமது கருத்தன்று. ரகர றகர வேற்றுமை செவியால் வருவதன்று, கண்ணால் வருவது. ஏழெட்டு வயதில் வாசிப்புப் பெருகும்போது அதனை முறையாகக் கற்பித்தல் வேண்டும். அதுவரை, விசயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதுவித்த பெற்றோர், அவ்விரலைச் சற்றே விட்டுப் பார்க்கலாம். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் வேளையில், கண்ணிற்படும் பெயர்ப்பலகைகளைப் பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்டலாம்.