கணக்கும் கருணையும் – 14: அடகில் இருந்த பங்குகள்

நிறுவனத்தை நடத்துபவர் கையிலேயே கணிசமான பங்குகள் இருந்தால் அவர் சமூகப் பொறுப்போடு நடந்துகொள்வாரா? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். பங்கு இருந்தால் அக்கறையும் இருக்கும் என்பது பொருளாதார அறிஞர்களில் ஒரு சாராரின் பதில். மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்ளிங்கும் 1976-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம் போட்டது. பங்கு மிகுந்துவிட்டால் தட்டிக்கேட்க ஆளிருக்காது என்பது மறுதரப்பின் பதில். இரு தரப்பும் பங்கின் அளவைத்தான் பார்க்கின்றன. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் படித்தபின், அந்தப் பங்குகள் யாரிடம் அடகில் இருக்கின்றன என்பதே முதல் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

சத்யத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜு ஊருக்குச் செய்தவை பொய்யல்ல. அவர் தந்தையின் நினைவாகக் குடும்பத்தார் 2001-இல் தொடங்கிய பைர்ராஜு அறக்கட்டளை, ஆந்திரக் கிராமங்களில் குடிநீர், மருத்துவம், கல்வி என்று வேலை செய்தது. 2005-இல் அவர் தொடங்கிய இஎம்ஆர்ஐ அமைப்புதான் 108 ஆம்புலன்ஸை ஆந்திராவில் கொண்டுவந்தது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சாலைகளில் 108 ஓடத் தொடங்கியதும் அந்த அமைப்பின் மூலமாகத்தான். அந்த வண்டியால் உயிர் பிழைத்தவர்கள் நம் ஊர்களிலெல்லாம் இருக்கிறார்கள். அதே ஆண்டில் சிறந்த நிறுவன ஆளுகைக்கான ‘கோல்டன் பீகாக்’ விருதும் சத்யத்துக்குக் கிடைத்தது.

2009 ஜனவரி 7 அன்று ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ரொக்கமும் வங்கி இருப்புமாகக் கணக்கில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது கடிதம். அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பாகத்துக்கும் மேல் சரிந்தது.

தொகையைப் பார்த்து அதிர்ந்ததில், அவர் சொன்ன காரணம் பலர் கண்ணில் படவில்லை. 2001-இல் நிறுவனர் குடும்பத்திடம் ஏறத்தாழ 25 சதவீதப் பங்குகள் இருந்தன. 2008 மார்ச்சில் அது 9 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. இவ்வளவு குறைந்த பங்கை வைத்துக்கொண்டு லாபம் குறைந்ததாகக் காட்டினால் வேறு யாராவது நிறுவனத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று பயந்ததாக அவரே எழுதியிருந்தார். மிச்சமிருந்த பங்குகளையும் அடகு வைத்துப் பணம் திரட்டி 1,230 கோடி ரூபாயை நிறுவனத்துக்குள் கொண்டுவந்ததாகவும் சொல்லியிருந்தார். அடகில் உள்ள பங்கின் விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கொடுக்காவிட்டால் பங்கை விற்றுவிடுவார். அதனால் ஒவ்வொரு காலாண்டும் விலையைத் தூக்கிப் பிடித்தே ஆகவேண்டும். குடும்ப நிறுவனமான மேட்டாஸை வாங்கி ஓட்டையை அடைக்கும் முயற்சி 2008 டிசம்பரில் முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் சில மணி நேரத்திலேயே கைவிடப்பட்டது. விலை விழுந்தது, கடன் கொடுத்தவர்கள் பங்குகளை விற்றார்கள்.

ராஜுவின் மனத்துக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் பங்கு விலை நல்ல பெயரைச் சார்ந்திருந்தது. தர்மம் அந்தப் பெயரை வளர்த்தது. அந்தப் பெயர் கேள்விகளைத் தள்ளிப்போட்டது.

கேள்வி கேட்க வேண்டியவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 7,561 போலி இன்வாய்ஸ்கள் கணினியில் ஏறியிருந்ததாக சிபிஐ கண்டறிந்தது. ‘சூப்பர் யூசர்’ என்ற தனி அனுமதியோடு நுழைந்து, மற்ற பிரிவினர் கண்ணில் படாதபடி அவற்றை மறைத்துவைத்திருந்தார்கள். வைப்புத்தொகை உண்மையா என்று தணிக்கையாளர்கள் வங்கியிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கடிதத்தில் தெரிந்திருக்கும். ஹார்வர்டு பேராசிரியர் உட்படப் பேர்பெற்ற சுயேச்சை இயக்குநர்கள் குழுவில் இருந்தும் இந்த அடிப்படைச் சோதனை நடக்கவில்லை.

சத்யம் சரிந்தபோதும் 108 நிற்கவில்லை. அதன் அன்றாடச் செலவில் பெரும்பகுதியை மாநில அரசுகள் ஏற்றிருந்தன. ஜிவிகே குழுமம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. நிறுவனரின் செல்வத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

அந்த ஜனவரியிலேயே நிறுவனர்கள் தங்கள் பங்கு அடமானத்தை வெளியிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. 2013 கம்பெனிச் சட்டம் 134-ஆம் பிரிவில் நிதி சார்ந்த உள்கட்டுப்பாடுகளுக்கு இயக்குநர்களைப் பொறுப்பாக்கியது. அடுத்த பிரிவிலேயே, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொன்னது. அந்தப் பணம் சொன்னபடி செலவானது என்று நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும் என்பது 2021-இல் சேர்ந்த விதி.

எனக்கு இந்த விதி போதவில்லை. சத்யம் வழக்கில் 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்த பத்துப் பேரில் அதன் நிதித் தலைவரும் ஒருவர் (மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது). செலவழித்தவரே தரும் சான்றோடு, பணம் போய்ச்சேர்ந்த பள்ளியும் ஊராட்சியும் தணிக்கையாளருக்கு நேரடியாக எழுதித்தரும் ஒப்புதலும் வேண்டும். அப்படிக் கேட்பதில் உள்ள சிக்கல்களை அடுத்த வாரம் பார்ப்போம்.