வீட்டுக் கொல்லையில் மிளகாய்

சங்க நூல்களைப் பயிலப் புகும் மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் வியப்புறுவது, நம் முன்னோர் மிளகாயை அறியார் என்பது பற்றியே. அக்காலத்தே 'கறி' என்னும் சொல் மிளகினையே குறித்தது. பட்டினப்பாலை புகாருக்கு வந்த மிளகு மூட்டைகளைப் பேசும், மிளகாயைப் பேசாது. அச்செடி அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, மெக்சிக்கோ நாட்டில் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே பயிராக்கப்பட்டது. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்ததன் பின்னர், பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. மிளகு போல் உறைப்பதும் காயாய் இருப்பதும் கண்டு நம்மவர் அதற்கு மிளகாய் என்று வீட்டுப் பெயரே இட்டுவிட்டனர். அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொன்றாகிய பரங்கிக்காயோ, கொணர்ந்தவர் பெயரை இன்னும் சுமந்து நிற்கின்றது. கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே உள்ள பரங்கிப்பேட்டையும் அவ்வாறே. நானூறு ஆண்டுகளுக்கு மேல் நம் அடுக்களையில் இருந்தும், சிராத்தச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகினையே சேர்க்கும் இல்லங்கள் இன்றும் உள.

நிற்க. இக்கட்டுரை எழுத நேர்ந்தது வரலாற்று ஆராய்ச்சியால் அன்று. ஒரு கண்ணாடிப் புட்டியால். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எம் பாட்டியார் தம் வீட்டுக் கொல்லையில் ஆண்டுதோறும் ஒரே வகை மிளகாயைப் பயிரிட்டு, அதன் விதையையே மறு ஆண்டிற்கு வைத்து வந்தார். குண்டும் அன்று, நீளமும் அன்று. சுண்டுவிரலிற் பாதி அளவினதான காய் அது. கடையில் அதனை யாம் கண்டதில்லை. சென்ற பங்குனியில் அவர் மறைந்தார். அவருடைய பெட்டியைத் திறந்தபோது, சாம்பலிற் புரட்டித் துணியில் முடிந்த விதைகள் ஒரு சிறு புட்டியிற் கிடைத்தன. எண்ணிப் பார்த்தோம், நாற்பது. அவர் நோயுற்றமையால் முந்திய ஆண்டிற் செடி வைக்கவில்லை. ஆகவே அவ்விதை ஈராண்டுப் பழமையது. மிளகாய் விதை ஆண்டுக்கு ஆண்டு முளைக்கும் வலிமை குன்றுவது. இனியும் காத்திருப்பின் ஒன்றும் எஞ்சாது என்று அஞ்சினோம்.

ஒரே இடத்தில் இட்டு இழந்துவிடலாகாது என்று எண்ணி, இருபதைக் கடலூரில் வைத்துக்கொண்டு, இருபதைச் சிதம்பரத்திலுள்ள பெரியம்மாவிடம் ஆனி மாதத்திற் கொடுத்தோம். "பாட்டி கை வித, தம்பி, தண்ணிக்குக் கொறையே வைக்க மாட்டேன்" என்றார் பெரியம்மா. குறை வைக்கவில்லை, அதுவே கேடாயிற்று. காலையும் மாலையும் பூவாளியால் நனைத்தார். பதினொன்று முளைத்தன. இரண்டிலை விட்ட பின்னர் ஒரு காலையில் மூன்று நாற்றுகள் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூல்போல் இளைத்துச் சாய்ந்து கிடந்தன. ஐந்து நாளில் பதினொன்றும் போயின. பெரியம்மா எம்மிடம் தொலைபேசியிற் கூறுகையில் அழுதார். யாமும் அன்று உணவு கொள்ளவில்லை என்பதை ஒளிப்பானேன்?

இந்நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம் முதலிய நுண்ணுயிர்கள் ஈரம் வற்றாத மண்ணிற் பெருகி, இளந்தண்டின் அடியைத் தின்றுவிடுகின்றன. சிதம்பரத்து மண் வெள்ளாறும் கொள்ளிடமும் கொணர்ந்த வண்டல், களிப்பு மிக்கது, நீரை எளிதில் விடாது. மஞ்சக்குப்பத்து மண்ணோ மணற்பாங்கானது. ஒரே அளவு நீர் ஓரிடத்தில் உணவாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் ஆவதை யாம் புத்தகத்தில் அன்று, இவ்விழப்பிலேதான் கற்றோம். ஆதலின் களிமண் உள்ளவர்கள் அதனுடன் ஆற்று மணலும் நன்கு மட்கிய தொழுவுரமும் சமமாகக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் விதைப்பாராக. விதைகளை நெருக்காது, அரை விரற்கடைக்கு மேல் ஆழ்த்தாது இடுக. மேல்மண் உலர்ந்து வெளிறிய பின்னரே மறுபடி நீர் தெளிக்க வேண்டும். ட்ரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையின் தூளை விதையிற் புரட்டி விதைப்பதும் இந்நோயைத் தடுக்க உதவும். வேளாண் கடைகளில் அது கிடைக்கும்.

கடலூரில் யாம் இட்ட இருபதில் ஒன்பதே முளைத்தன. புது விதையாயின் எட்டுப் பத்து நாளில் முளை தோன்றும். எமக்குப் பதினாறு நாள் ஆயின. முளைப்பதற்கு ஏற்ற வெம்மை 25 முதல் 30 பாகை. ஆனி வெயில் அதனை எளிதிற் கடந்துவிடுமாதலால், தொட்டியை வேப்பமர நிழலில் வைத்தோம். முளை கண்ட பின்னர் இளவெயிலுக்குச் சிறிது சிறிதாய்ப் பழக்கினோம். நாற்பது நாள் சென்று, ஒரு சாண் உயரம் வளர்ந்த நாற்றுகளை மாலை வேளையில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு மேட்டுப்பாத்தியில் நட்டோம். இரண்டினை மட்டும் தொட்டியிலேயே வைத்துக்கொண்டோம். அஃது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பின்னர் விளங்கும்.

மிளகாய்க்கு வரும் துன்பங்களில் இலைச்சுருட்டை கொடியது. அதிற் காண வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு ஓடம்போல் ஆயின் இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டு கவிழ்த்த ஓடம்போல் ஆயின் சிலந்திப்பேனின் வேலை. வெள்ளை ஈ கொணரும் நச்சுநோயாற் சுருளுமாயின் மருந்தில்லை. செடியைப் பிடுங்கி அகற்றுவதே வழி. எம் செடிகளில் இரண்டினை அவ்வாறு எம் கையாலேயே பிடுங்கினோம். மற்றவற்றிற்கு வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலிற் கலந்து இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தோம்.

புரட்டாசியிற் பூத்தது. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது; எனினும் தேனீக்கள் அயற்செடியின் மகரந்தத்தையும் கொணரும். அண்டை வீட்டு மாடியிற் குடைமிளகாய் இருந்தமையால், விதைக்கென எண்ணிய கிளைகளின் மொட்டுகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டினோம். எங்கள் தெருவார் இதனைக் கண்டு நகைத்தனர். நகைக்கட்டும், கலப்பு நேர்ந்த விதையில் பாட்டியாரின் மிளகாய் வாராதன்றோ!

உறைப்பைப் பற்றி ஒரு சொல். அது விதையில் உள்ளதென்பது பலர் எண்ணம். கேப்சைசின் என்னும் அப்பொருள் காயினுள்ளே விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயே உண்டாகின்றது. விதை அதனைத் தொட்டிருப்பதால் உறைக்கின்றது. நம் நாவில் வெப்பத்தை உணரும் வாயிலையே அது தீண்டுவதாற்றான் 'எரிகிறது' என்கிறோம். அவ்வாயிலை இப்பொருளைக் கொண்டே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்பார் 2021-இல் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார். பறவைகட்கு அவ்வெரிச்சல் இல்லை. அவை பழத்தை விழுங்கி விதையைச் சிதையாது எச்சத்தில் இடும். வேலியோரத்தில் எவரும் விதையாத மிளகாய்ச் செடி நிற்பதன் காரணம் இஃதே. அதனால் எம் பழங்களை மைனாக்களிடமிருந்து காப்பது ஒரு தனிப் போராயிற்று.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை எம் ஊரை இரண்டு நாள் விடாது நனைத்தது. கடலூர் மழையை அறிந்தார்க்கு விரித்துரைக்க வேண்டா. இரவில் அரிக்கேன் விளக்குடன் சென்று பாத்தியைச் சுற்றி வாய்க்கால் வெட்டினோம். ஆயினும் தரையில் நின்ற ஐந்தில் நான்கு வேர் மூச்சுவிட வழியின்றி வாடி மடிந்தன. எஞ்சியது ஒன்று. திண்ணைக்கு ஏற்றிய தொட்டிச் செடிகள் இரண்டும் பிழைத்தன. துணிப்பை கட்டிய கிளைகளும் அவற்றிலேயே இருந்தன.

கார்த்திகையில் அவற்றினின்று பதினான்கு பழங்கள், நன்கு சிவந்து தோல் சுருங்கும் வரை விட்டுப் பறித்தோம். விதையைப் பிரித்த கையால் கண்ணைத் தொட்டு ஒரு நாழிகை துன்புற்றமையும் உண்டு. வாசகர் கையில் முன்னரே எண்ணெய் தடவிக்கொள்க. விதைகளை நிழலில் ஒரு வாரம் உலர்த்திச் சாம்பலிற் புரட்டினோம். எண்ணூற்றுக்கு மேல் இருந்தன. பாட்டியாரின் புட்டியிற் பாதியும், வேறொரு புட்டியிற் பாதியுமாக இட்டு, இரண்டாவதனைத் தை மாதத்திற் சிதம்பரத்திற்கு எடுத்துச் சென்றோம். பெரியம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, ஆற்றுமணல் ஒரு மூட்டை ஏற்கெனவே கொல்லையில் இறக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.